பூங்கொடியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள்

1

நேற்று போனில் ஒரு செய்தி வந்தது. "வாழ்த்துகள்! உங்கள் தொடர் நிறைவடைந்து இன்றோடு ஓராண்டு!" நான் கதை எழுதும் ஆப் அனுப்பியது. அதற்கு என்ன தெரியும். அந்தக் கதை நிறைவடைந்ததா, நிறைவடைய வைத்தார்களா என்று அதற்குத் தெரியாது.

நான் இருப்பது ஆக்லாந்தில். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கம்பெனியில் வேலை. ஈர விரிப்பை இழுத்து மெஷின் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து மடிந்து வரும். யாரோடும் பேச வேண்டாம். அதனால் தலைக்குள் கதை ஓடும். டீ நேரத்தில் போனில் தட்டி வைப்பேன். சொந்த ஊர் திருமுல்லைவாயில். படிப்பு எட்டாவது. என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் இருப்பவர் எழுதினால் பனி பெய்வதையும், ஊர் ஞாபகத்தில் கண் கலங்குவதையும் எதிர்பார்ப்பீர்கள். இங்கே பனி பெய்யாது. எனக்குக் கண்ணும் கலங்கவில்லை. கோபம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனேன். தைத்து வந்த சட்டையில் நூல் பிசிறு வெட்டுவது என் வேலை. லைன் முழுக்கப் பெண்கள். மாசம் ஒரு நாவல் யாராவது வாங்கி வருவாள். ஒரு புத்தகத்தை அத்தனை பேர் எப்படிப் படிப்பது? கிழிப்போம். நூல் வெட்டும் கத்தரியாலேயே நாலைந்து துண்டாகப் பிரித்துவிடுவோம். ஒவ்வொரு துண்டும் சட்டை பண்டிலுக்கு அடியில் கை மாறிப் போகும். சூப்பர்வைசர் வந்தால் பண்டிலை மேலே இழுத்துவிட்டால் தெரியாது.

வரிசையாகக் கிடைக்காது. காலையில் கல்யாணம் வரும், சாயங்காலம் காதல் வரும். கடைசித் துண்டு மட்டும் என்னிடம் வந்ததே இல்லை. கொரட்டூரிலிருந்து வரும் சாந்தி என்ற ஒருத்தி அதை முதலிலேயே எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

"சாந்தி, கடைசில இன்னாடி ஆச்சு?"

"சொன்னா இன்னா குடுப்ப?"

"ஒண்ணும் குடுக்க மாட்டேன். நானே சொல்லிக்கிறேன் போ."

சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் சொன்னேன். அந்தப் பணக்காரனை அவள் கட்டிக்கொள்ளவில்லை, கொரட்டூர் ஏரித் தண்ணீருக்கு அடியில் ஒரு தெரு இருக்கிறது, அங்கே குடி போய்விட்டாள் என்றேன். சிரித்தார்கள். மறுநாள் இன்னும் கேட்டார்கள். சாந்திக்குப் பொறுக்கவில்லை.

"புக்குல அப்டி இல்ல."

"புக்கு எழுதுனவனுக்குத் தெரில. நீ சாப்டு."

அப்படித்தான் நான் எழுத வந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

3

அந்தத் தொடரின் பெயர் 'நிலா ஃபாஸ்ட்'. அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். மத்தியானம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அதில் ஒரு ரயில் தானாகக் கிளம்பும். ஆவடியில் நிற்காது. பட்டாபிராம் தாண்டியதும் மேலே ஏறிவிடும். நிலாவின் முதுகுப் பக்கம் ஒரு ஊர். அங்கே போகும்.

பூங்கொடி அந்த ஷெட்டில் பெட்டி கழுவுகிறவள். கறுப்பு. அவள் புருஷன் அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். அவள் வாயைத் திறந்தால் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுவான். அவன் செய்வது அவ்வளவுதான். ஒரு நாள் அவள் கழுவிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து இறங்காமல் உட்கார்ந்துவிட்டாள். ரயிலை ஓட்டுவது மல்லிகா. திருநங்கை. அவள் மட்டும் ஒன்று சொன்னாள். "எறங்கணும்னா இப்பவே எறங்கு. அப்பால ஸ்டேசனே கிடியாது." இவள் இறங்கவில்லை. மேலே ஒருத்தன். ஒரு கால் கிடையாது, இவளைவிட வயதில் சின்னவன், தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் வேலை. இவள் பேசினால் கேட்பான். அவன்தான் ஹீரோ.

வந்த கமெண்டுகள் எனக்கு மனப்பாடம்.

"ஹீரோ என்ட்ரி எப்போ சிஸ்?"

வந்து மூன்று பாகம் ஆகிவிட்டது என்று பதில் போட்டேன்.

"ஹீரோவுக்கு கார் இல்லையா?"

"ஹீரோயின் கலர் அப்புறம் மாறிடுவாளா?"

"அதுங்கள எல்லாம் ஏன் கதைல கொண்டு வர்றீங்க? குழந்தைங்க படிக்கிற ஆப்."

இதைக் கேட்டவள், ஹீரோ ஹீரோயினைக் கடத்திக் கட்டிப் போடும் தொடருக்கு எல்லா பாகத்துக்கும் இதயம் போட்டிருந்தாள். இப்போது மல்லிகா என்று பெயர் வைத்திருக்கும் ஒருத்தி என்னோடு ஸ்கூலில் படித்தாள். அப்போது அவளுக்கு வேறு பெயர். ரயிலில் கை தட்டிக் காசு கேட்டால்தான் அவளை உங்களுக்கு அடையாளம் தெரியும். நான் அவளிடம் ரயிலையே கொடுத்தேன். அதில் என்ன தப்பு.

ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. 'பேர் வேண்டாம்' என்பதுதான் அவள் வைத்திருந்த பெயர். பாகத்துக்கு ஒரு வரி எழுதுவாள். "எங்க மாடில நின்னா ஷெட்டு லைட்டு தெரியும் அக்கா." அடுத்த வாரம், "எங்க வீட்லயும் டிவி சத்தம்தான் அக்கா." பூங்கொடி ரயிலில் உட்கார்ந்த பாகத்துக்கு, "அவ எறங்கிட மாட்டாளே?" மாட்டாள் என்றேன். அவளுக்கு வாக்குக் கொடுத்த மாதிரி.

ஆப்பில் கதையை ஏற்றும்போது என்ன வகை என்று கேட்கும். அறிவியல் புனைவு என்று போட்டிருந்தேன். ஒரு ஈ, காக்கா வரவில்லை. ஃபேன்டஸியில் போட்டேன். அங்கே எல்லாம் ராஜகுமாரன். காதலில் போடலாம் என்றால் அங்கே ஹீரோவுக்குச் சொந்தக் கம்பெனி இருக்க வேண்டும். கூட்டம் எங்கே என்று பார்த்தேன். 'உண்மைச் சம்பவம்' என்ற வகையில் இருந்தது. பேய்க் கதை எழுதுகிறவர்கள்கூட அங்கேதான் போடுகிறார்கள். நானும் போட்டேன். மறுநாளே ஜனம் வந்தது.

அதுதான் வினை.

4

இங்கே என் மகன் பிரவீன் தடி தடியாகப் புத்தகம் படிக்கிறான். எல்லாம் இங்கிலீஷ். டிராகன், மந்திரவாதி, வேறு உலகம். தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாது. என் கதையை வாயால் சொன்னேன்.

"மூனுக்குப் போற டிரெய்ன் ஏம்மா அண்ணனூர்லேர்ந்து போகணும்?"

"ஏன் போவக்கூடாது?"

"அங்க ஒண்ணுமே இல்லையே."

அவன் படிக்கும் டிராகன் இருக்கும் ஊரில் மட்டும் என்ன இருக்கிறதாம். கேட்டேன். சிரித்துக்கொண்டே ரூமுக்குப் போய்விட்டான்.

இந்த ஏரியா லைப்ரரியில் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். பல நாட்டு ஆட்கள், பல நிறத்து ஆட்கள் வரும் கதைகளுக்குத் தனித் தட்டு. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். உங்கள் ஊர்க் கதை எதுவானாலும் சொல்லுங்கள் என்றாள் லைப்ரரி அம்மா. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ரயில், ஷெட்டு, நிலா என்று சொன்னேன். ரொம்ப அழகு என்றாள். அப்புறம், யானை வருமா என்று கேட்டாள். வராது என்றேன். பிள்ளைகள் கலர் அடிக்க யானைப் படம் அச்சடித்து வைத்துவிட்டாளாம். யானைக்குக் கலர் அடித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இங்கேயும் அப்படி, அங்கேயும் அப்படி. நாம் எந்தக் கதைக்குள் இருக்கலாம் என்று வேறு யாரோ முடிவு பண்ணி வைத்திருக்கிறார்கள்.

5

என் தம்பி சேகர் அம்பத்தூரில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இருக்கிறான். அவன் மகள் திவ்யா. லோக்கல் ரயிலில் ஒரு பையனைப் பார்த்துப் பழகினாள். வினோத். ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சாதி வேறு. ரெண்டு வீட்டையும் மல்லுக்கட்டி ஒரு வழியாக ஒத்துக்கொள்ள வைத்தார்கள். பூ வைக்க நாள் பார்க்கும்போது சேகர் போன் பண்ணினான்.

"அக்கா, நீ மாமா கூடத்தான கீற?"

"வேற எங்க கீறேன்?"

"இல்ல, பையனோட அம்மா கேக்குது. நீ இன்னாமோ எழுதிகினு கீறியாமே. புருசன வுட்டுட்டு போன கதை. உண்மைச் சம்பவம்னு போட்டுகீதாம்."

"அதுல ரயிலு நிலாவுக்குப் போவுதுடா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் படிக்கல. நீ வீடியோல வா. மாமாவ பக்கத்துல ஒக்கார வெச்சுக்கோ."

பெண் எடுக்கும் வீட்டில் சித்தி, பெரியம்மா, அத்தை என்று எல்லோரையும் விசாரிப்பது வழக்கம். முன்னே தெருவில் விசாரித்தார்கள். இப்போது போனில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

இந்த நாட்டுக்கு விசா கேட்டபோது, நீங்கள் ரெண்டு பேரும் உண்மையிலேயே சேர்ந்து வாழ்கிறீர்களா என்று ஆபீஸில் அத்தாட்சி கேட்டார்கள். ஒரே வீட்டு கரண்ட் பில், சேர்ந்து நிற்கும் போட்டோ எல்லாம் கொடுத்தோம். அதே போட்டோவைச் சம்பந்தி வீட்டுக்கும் அனுப்பினேன். ஆபீஸ்காரன் அதோடு விட்டுவிட்டான். இவர்களுக்கு அது போதவில்லை.

வீடியோவில் பையனின் அம்மா சொர்ணம் வந்தாள். பின்னால் சேகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், கோர்ட்டில் நிற்கிற மாதிரி.

"மதினி, நல்லா இருக்கியளா? அண்ணன் எங்க?"

வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். வெல்டிங் வேலை முடித்து வந்த சட்டை. கும்பிட்டார்.

"அண்ணாச்சி, மதினி கூடத்தான் இருக்கியளா?"

அவர் என்னைப் பார்த்தார். "எங்கம்மா போறது? ஒரே ஊடுதான் கீது."

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றான் சேகர்.

சொர்ணம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "அப்ப எழுதுனது பொய்யா?"

"கதைங்க."

"உண்மைச் சம்பவம்னுல்லா போட்டிருக்கு."

"ரயிலு நிலாவுக்குப் போவுதே. அதையும் நம்புனீங்களா?"

"ரயிலு கதைக்காகப் போட்டது. அது எனக்குத் தெரியாதாக்கும்? புருசன விட்டுட்டுப் போறது அப்படி இல்ல. மனசுல இல்லாம கையில வராது."

ரயில் பறப்பதை விட்டுவிட்டாள், இதைப் பிடித்துக்கொண்டாள். அவள் எல்லாப் பாகமும் படித்திருந்தாள். மல்லிகாவைப் பற்றிக் குறை சொல்வாள் என்று நினைத்தேன். இல்லை.

"மல்லிகா நல்ல பிள்ள. அவள நான் ஒண்ணும் சொல்லல. அந்தக் கால் இல்லாத பையனும் பாவம். ஆனா பூங்கொடி செஞ்சது சரியில்ல மதினி. அந்த மனுசன் அடிச்சானா? குடிச்சானா? டிவிதான பாத்தான். அதுக்குப் போயி விட்டுட்டுப் போனவ நல்லா இருக்கான்னு எழுதிட்டா, எங்க வீட்டுக்கு வாழ வார பிள்ளைக்கு என்ன புத்தி வரும்? எங்க ஆளுக பூரா படிக்காக. இன்னும் கடைசிப் பாகம் வரலல்லா? அவளத் திருப்பி அனுப்பிருங்க. அடுத்த வாரமே பூ வைக்க வாரோம்."

"அனுப்பலன்னா?"

"அனுப்பிருவிய. அத்தைக்காரி இல்லையா."

சாதியைத் தாண்டி வந்தவர்கள். ஒரு கதையைத் தாண்ட முடியவில்லை.

போனை வைத்ததும் வீட்டுக்காரர் கேட்டார். "அந்த டிவிக்காரன் நானா?"

"இல்ல."

"நம்ம ஊட்ல டிவியே ரிப்பேர்தான கீது," என்று எழுந்து போனார்.

6

மாத்த மாட்டேன் என்று சேகரிடம் சொல்லிவிட்டேன். கடைசிப் பாகம் எழுதி ரெடியாக இருந்தது. பூங்கொடி அங்கேயே தங்கிவிடுகிறாள். அதை ஏற்றியும் விட்டேன். 'பேர் வேண்டாம்' முதல் ஆளாக வந்தாள். "நன்றி அக்கா" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ரெண்டு நாள் கழித்துத் திவ்யா கூப்பிட்டாள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் அவள் வேலை செய்யும் போன் கடை வாசலில் நின்று பேசினாள். பஸ் சத்தம்.

"அத்தை, மாத்திடு."

"முடியாது."

"ஏன்? உனக்கு அவதான் பொண்ணா? அவ போன்ல கீறா. நான் உசுரோட கீறேன்."

"நீ மட்டும் உசுரோட இல்ல. படிக்கிறவளும் உசுரோடதான் கீறா. ஒருத்திக்குச் சொல்லிட்டேன்."

"யாரு அவ? பேரு இன்னா?"

பேர் தெரியாது என்றேன்.

"பேரே தெரியாதவளுக்காக என் கல்யாணத்த நிறுத்துவியா நீ?"

அவளே பேசினாள்.

"உன் கதை தப்புன்னு நான் சொல்லல. நானும்தான் படிச்சேன். அழுதேன். ஆனா எனக்கு வினோத்து வேணும். அவரு அம்மாவ எதுத்துகினு வருவாரான்னு கேக்காத. வர மாட்டாரு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேக்குறேன்."

"நாளைக்கு அவன் டிவி சத்தத்தக் கூட்டுனா இன்னா பண்ணுவ?"

"ரிமோட்டப் புடுங்கிடுவேன்."

"இவ்ளோ தெகிரியம் கீதுல்ல, அந்தம்மாகிட்ட பேசேன்."

"ஊட்டுக்குள்ள போய்ட்டுப் பேசிக்கிறேன். மொதல்ல உள்ள போவணும் அத்தை. கதவ நீ சாத்தாத."

அவள் வயதில் எனக்கும் ஒரு வீட்டுக்குள் போக வேண்டி இருந்தது. அப்போது யார் என்ன சொன்னாலும் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

7

புது முடிவை ஒரு டீ நேரத்தில் எழுதி முடித்தேன். கஷ்டமே இல்லை. அது ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிற முடிவு, கை தானாக அடித்தது.

நிலா ஃபாஸ்ட் திரும்பி வருகிறது. அண்ணனூர் பிளாட்பாரத்தில் புருஷன் நிற்கிறான். அவள் பையை வாங்கிக்கொள்கிறான். டிவி சத்தத்தைக் குறைக்கிறான். முற்றும்.

பழைய பாகத்தை எடுத்துவிட்டு இதை ஏற்றினேன். இதயமாகக் கொட்டினார்கள்.

"சூப்பர் சிஸ். குடும்பம்னா இதான்."

"இப்பதான் நிம்மதியா தூங்குவேன்."

"முதல்ல போட்ட முடிவு பிடிக்கல. இது ரியல்."

சொர்ணம் கும்பிடுகிற கை படம் அனுப்பினாள். சொன்னபடி அடுத்த வாரம் பூ வைத்தார்கள்.

'பேர் வேண்டாம்' நாலு நாள் கழித்து வந்தாள்.

"நீங்களும் திருப்பி அனுப்பிட்டீங்களா அக்கா."

கேள்விக்குறிகூடப் போடவில்லை. இரு, சொல்கிறேன், ஒரு காரணம் இருக்கிறது என்று பதில் எழுதினேன். அவள் பக்கத்துக்குப் போய்த் தனியாகவும் எழுதினேன். பார்த்ததாகக் காட்டவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் கணக்கே இல்லை. அவள் எழுதியிருந்த எல்லா வரியும் போய்விட்டது. மாடி, ஷெட்டு லைட்டு, எல்லாம்.

போன்தான் மாற்றினாளா, யாராவது பிடுங்கினார்களா, அவளே போதும் என்று விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியாது. நான் ஆக்லாந்தில் ஈரத் துணி இழுத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனூரில் எந்த மாடி என்று போய்த் தேடுவது.

8

கல்யாணத்துக்குப் போகவில்லை. லீவு கேட்டேன், ஆள் இல்லை என்றார்கள். அங்கே காலை முகூர்த்தம், இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். சேகர் பெண்டாட்டி வீடியோவில் காட்டினாள். இந்த மெஷின் சத்தத்தில் கெட்டிமேளம் கேட்கவில்லை. வினோத் தாலி கட்டினான். திவ்யா குனிந்த தலையை நிமிர்த்தி ஒரு தடவை கேமராவைப் பார்த்தாள். நன்றாக இருந்தாள்.

வீடியோவை வைத்தேன். ஆப்பைத் திறந்தேன். அந்த முடிவை அழித்துவிட்டு, முதலில் எழுதியதை மறுபடி ஏற்றினேன். யாரையும் கேட்கவில்லை. அந்த 'உண்மைச் சம்பவம்' என்பதை மட்டும் மாற்றவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன்.

மறு வீட்டு விருந்து முடிந்த கையோடு சொர்ணம் கூப்பிட்டாள்.

"ஏமாத்திட்டியளே மதினி."

"திருப்பி அனுப்பச் சொன்னீங்க. அனுப்புனேன்."

"மறுபடி போயிட்டாளே!"

"எத்தன நாளைக்கு இருக்கணும்னு நீங்க சொல்லலியே."

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து எனக்குப் பேச்சு இல்லை. சேகரும் பேசுவதில்லை. பொங்கலுக்கு எல்லோருக்கும் போட்ட வாழ்த்தில் என்னை விட்டுவிட்டான். அது அவன் இஷ்டம்.

திவ்யா எப்போதாவது பேசுவாள். போன மாசம் பேசினாள்.

"அத்தை, நான் பை எதுனா கட்டி வெச்சிகினு கீறேனான்னு பீரோவத் தொறந்து பாக்குது எங்க மாமியா. ஸ்டேசனுக்குப் போனா பின்னாடியே யாரையாவது அனுப்புது. உன்னாலதான்."

"ஆமா."

"ஆமாவா? சாரின்னு ஒரு வார்த்த சொல்றியா பாரு."

"வினோத்து?"

"அவரா? டிவி பாக்கறாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரிமோட்டு என்கிட்டதான் கீது."

சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. லைன் சரியில்லை.

9

இந்தக் குறிப்பை ஆப்பில் போடாமல் பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் ஒன்றுதான். ஆப்பை 'பேர் வேண்டாம்' போனிலிருந்து எடுத்துவிட்டிருப்பாள். காகிதம் சலூனில் கிடக்கும், டாக்டர் கிளினிக்கில் கிடக்கும், கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள். எப்படியாவது ஒருத்தர் கையில் போய்ச் சேரும். மற்றவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இனிமேல் உங்களுக்கு இல்லை.

பேர் வேண்டாம் என்றவளே. நீ கடைசியாகப் பார்த்தது ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக நான் எழுதிக் கொடுத்தது. அந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது. அதை அழித்துவிட்டேன். பூங்கொடி இறங்கவில்லை. மேலேதான் இருக்கிறாள். நாள் பூராவும் பேசுகிறாள். நிறுத்தச் சொல்ல அங்கே யாரும் கிடையாது.